முதல் ஐவர் மீதான அன்பு: எக்ஸ்-மென் தொடக்க அணியைப் பற்றிய ஓர் இழை

செம்பளிங்கு எழுதியது:

எக்ஸ்-மென் என்ற மார்வெல் படக்கதைத் தொடரைச் சொன்னதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன வுல்வரினின் நகங்களும் ஸ்டார்மின் வெண்கூந்தலும்தான். அவ்விருவரும் இந்த அணிக்குள் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1963 செப்டம்பர் எனத் தேதியிட்ட முதல் இதழில், ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஒரு பள்ளியையும் அதில் பயிலும் ஐந்து இளைஞர்களையும் நமக்கு அறிமுகப்படுத்தினார்கள். சைக்ளாப்ஸ் ஆன ஸ்காட் சம்மர்ஸ், மார்வெல் கேர்ள் ஆன ஜீன் கிரே, பீஸ்ட் ஆன ஹேங்க் மெக்காய், ஏஞ்சல் ஆன வாரன் வொர்த்திங்டன், ஐஸ்மேன் ஆன பாபி டிரேக் ஆகிய இந்த ஐவர் மீது எனக்குள்ள அன்பைப் பற்றியும், அந்த அன்புக்கான காரணத்தைப் பற்றியும் எழுதவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அந்த முதல் காலத்துக் கதைகள் எல்லாமே சிறந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. என் அன்புக்குக் காரணம் அவர்கள் மாணவர்களாக இருந்தார்கள் என்பதே. அதே மாதத் தேதியில் வெளிவந்த அவெஞ்சர்ஸ் முதல் இதழை எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே தோர், அயர்ன் மேன், ஹல்க் என ஏற்கெனவே தனித்தனியே கதைகளும் பெயரும் உடையவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வரோ உறவாலும் நட்பாலும் ஏற்கெனவே பிணைந்தவர்கள். எக்ஸ்-மென் ஐவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் செய்து முடித்த சாதனை ஒன்றுமில்லை; ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்களும் இல்லை. பிறப்பிலேயே வந்த ஒரு வேறுபாட்டின் பொருட்டு ஒரே கூரையின் கீழ் சேர்க்கப்பட்டு, ஆபத்து அறை என்ற பயிற்சிக்கூடத்தில் அன்றாடம் அடிபட்டுப் பயின்று, ஜீன் பள்ளிக்கு வந்த அதே நாளிலேயே கேப் சிட்டாடல் தளத்தில் வில்லன் மேக்னீட்டோவை எதிர்கொள்ள அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

அந்த நிலையில் இருப்பவர்களிடம் தவறும் தடுமாற்றமும் இயல்பாகவே இருக்கும். எட்டாம் இதழில் ஹேங்க் ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறான். அவன் மியூட்டன்ட், அதாவது பிறப்பிலேயே வேறுபட்ட ஆற்றல் கொண்டவன், என்பதை உணர்ந்த கூட்டம் நன்றி சொல்வதற்குப் பதிலாக அவன் மீது பாய்கிறது. மனம் வெறுத்த அவன் பள்ளியை விட்டு வெளியேறி மல்யுத்த வீரனாகிவிடுகிறான். உலகை ஆளத் துடிக்கும் எந்த வில்லனும் ஏற்படுத்தாத காயத்தை, தெருவில் நின்ற சாதாரண மனிதர்கள் ஏற்படுத்திவிட்டார்கள் என்பதை அந்தச் சில பக்கங்கள் எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றன! பின்னாளில் எக்ஸ்-மென் கதைகளின் உயிர்நாடி என்று நாம் போற்றும் கருத்து அங்கேயே, அந்த ஐவரில் ஒருவனின் தனிப்பட்ட வேதனையாக, முழுமையாக இருக்கிறது.

உங்களுள் இந்த ஐவரை நேசிப்பவர்கள் ஏன் நேசிக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

புயலின்_பக்கம் எழுதியது:

செம்பளிங்கு அவர்களின் அன்பை நான் மதிக்கிறேன்; ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க வேண்டியிருக்கிறது. 1970 மார்ச் தேதியிட்ட 66ஆம் இதழோடு புதிய கதைகள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு 67 முதல் 93 வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், பழைய கதைகளே மறுபதிப்பாக வெளிவந்தன. 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழில் ஸ்டார்ம், நைட்கிராலர், கொலாசஸ், தண்டர்பேர்ட் ஆகியோரை உருவாக்கி, அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்த வுல்வரின், பேன்ஷீ, சன்ஃபயர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் இந்தத் தொடர் உயிர் பெற்றது. அவர்களைத் தொடர்ந்து கிறிஸ் கிளேர்மான்ட் 94ஆம் இதழ் முதல் 1991 வரை எழுதியவைதான் இன்று நாம் எக்ஸ்-மென் என்று அறிவது.

கென்யா, ஜெர்மனி, ரஷ்யா, கனடா, அயர்லாந்து, ஜப்பான் எனப் பல மண்ணிலிருந்து வந்தவர்கள் சேர்ந்த அந்த அணியில்தான் ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்ற சொல் பொருள் பெற்றது. முதல் ஐவரோ அனைவரும் வெள்ளை அமெரிக்க இளைஞர்கள். வாரன் பெருஞ்செல்வரின் மகன். ஐவரில் நால்வர் உடையை மாற்றிக்கொண்டு, அல்லது ஒரு கண்ணாடியை அணிந்துகொண்டு, கூட்டத்தில் கலந்துவிட முடியும். நீண்ட கைகளும் பெரிய பாதங்களும் கொண்ட ஹேங்க் கூடச் சிறிது முயன்றால் மறைந்துகொள்ளலாம். நீலத் தோலும் வாலும் கொண்ட நைட்கிராலரால் அது முடியுமா? வாசகர்கள் முதல் அணியை விரும்புவது, முதலில் வந்தது என்பதற்குத் தரும் மரியாதையே தவிர வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதழ்66 எழுதியது:

மறுபதிப்புக் காலத்தைக் காரணம் காட்டி முதல் அணியின் கதைகளைத் தள்ளிவிடுவது நியாயமில்லை, நண்பரே. நிறுத்தப்பட்ட காலத்தில் அந்தத் தொடர் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பாருங்கள். 56ஆம் இதழ் முதல் நீல் ஆடம்ஸ் வரைந்தார். ராய் தாமஸ் எழுதினார். டாம் பால்மர் மை தீட்டினார். கட்டங்களைச் சாய்த்தும் உடைத்தும் பக்கம் முழுவதையும் ஒரே அசைவாக ஆடம்ஸ் அமைத்த விதம், அதே தொடரின் பழைய இதழ்களைப் படித்துவிட்டு வருபவரைத் திகைக்க வைக்கும்.

அந்த இதழ்களில் 57 முதல் 59 வரையிலான சென்டினல் கதையை எடுத்துக்கொள்கிறேன். மியூட்டன்ட்களை வேட்டையாடும் அந்த இயந்திரங்களை அடித்து நொறுக்குவது இயலாது என்ற நிலையில், ஸ்காட் அவற்றோடு வாதம் செய்கிறான். மரபணு மாற்றத்தின் மூலம் சூரியனே என்றால், மியூட்டன்ட்களை ஒழிப்பது என்ற உங்கள் கடமை சூரியனிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்ற அவன் தருக்கத்தை ஏற்று, அவை சூரியனை நோக்கிப் பறந்துவிடுகின்றன. அந்த இயந்திரங்களின் வலிமையான தருக்கத்தையே அவற்றுக்கு எதிராகத் திருப்பிய இந்த முடிவை, வலிமையால் வெல்லும் வேறு எந்த நாயகனுக்கும் எழுதியிருக்க முடியாது. ஏழாம் இதழில் பள்ளியை நடத்தும் பேராசிரியர் சேவியர் தலைமைப் பொறுப்பை ஒப்படைத்தபோது அதைச் சுமையாக உணர்ந்த மாணவன், 59ஆம் இதழில் ஒரு தலைவனாக நிற்கிறான். இந்த வளர்ச்சி 1975க்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

ஆகவே, முதலில் வந்தது என்ற மரியாதை மட்டுமே எங்களை இழுக்கவில்லை. நன்றாக எழும்பத் தொடங்கிய நேரத்தில் நிறுத்தப்பட்ட ஒன்றின் மீது ஏற்படும் ஆற்றாமையும் அதில் கலந்திருக்கிறது. ஜான் பைர்ன் 1999இல் தொடங்கி 22 இதழ்கள் எழுதி வரைந்த ஹிட்டன் இயர்ஸ் தொடர், 66ஆம் இதழ் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்ததற்குக் காரணமும் அந்த ஆற்றாமையாகவே இருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த இழையில் ஜீனைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. எனக்கு ஐவரும் பிரியமானவர்கள். ஆனால் ஜீன் நடத்தப்பட்ட முறையைக் கண்டும் காணாமலும் கடந்து செல்ல என்னால் இயலாது. முதல் இதழில் அவள் பள்ளிக்கு வரும்போது ஆண் மாணவர்கள் சன்னலருகே முண்டியடித்து அவள் அழகைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்றாம் இதழில் பேராசிரியரே தம் மாணவியைக் காதலிப்பதாகத் தமக்குள் எண்ணிக்கொள்ளும் ஒரு கட்டம் வருகிறது. பின்னர் அந்த எண்ணம் தொடரப்படவில்லை என்பது ஆறுதல்தான் என்றாலும், அந்தக் கட்டம் அங்கே அச்சில் இருக்கிறது. சண்டைகளில் அவள் விரைவில் களைத்துப்போவதாகக் காட்டப்படுவதும் வழக்கமாக இருந்தது.

இவ்வளவையும் மீறி அவளை நான் நேசிப்பதற்குக் காரணம், அந்த முதல் இதழிலேயே தன்னிடம் வரம்பு மீறும் ஹேங்கைத் தன் மன ஆற்றலால் தூக்கிச் சுழற்றி, தான் யார் என்பதை அங்கேயே அவள் உணர்த்திவிடுகிறாள். எழுதியவர்கள் அவளுக்குத் தந்ததைவிடக் கூடுதலான ஒன்று அவளிடம் இருந்தது. 1976இல் 101ஆம் இதழில் அவள் பேராற்றல் கொண்ட ஃபீனிக்ஸ் ஆக எழுந்தபோது, அந்த மாற்றம் அத்தனை வலுவாகத் தைத்ததற்கு, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த ஜீனை வாசகர்கள் அறிந்திருந்ததே காரணம். தொடக்க அணியை விலக்கிவிட்டு ஃபீனிக்ஸ் கதையைப் படிப்பவருக்கு அதன் பாதி வலி போய்ச் சேராது.

செம்பளிங்கு எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. அன்பு கொண்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கட்டங்களுக்கு நாம் சமாதானம் சொல்லக் கூடாது.

புயலின்_பக்கம் அவர்களுக்கு ஒரு மறுமொழி. 1975 அணியின் பெருமையை நான் சிறிதும் குறைக்கவில்லை. வெள்ளை அமெரிக்க இளைஞர்கள் ஐவர் என்ற உங்கள் குறையும் மறுக்க முடியாதது. ஆயினும் அந்தப் புதிய அணியின் கதை எதிலிருந்து தொடங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கிராக்கோவா தீவில் சிக்கிக்கொண்ட பழைய மாணவர்களை மீட்பதற்காகத்தான் பேராசிரியர் புதியவர்களைத் திரட்டுகிறார். மீட்பு முடிந்து, 94ஆம் இதழில் பழையவர்கள் விடைபெறும்போது ஸ்காட் மட்டும் தங்கிவிடுகிறான். வெளியே போவதற்கு அவனுக்கு வேறு வாழ்க்கை இல்லை. கண்களிலிருந்து எந்நேரமும் பீறிடும் அந்தச் செங்கதிர்களைக் கட்டுப்படுத்த இயலாத ஒருவனுக்கு அந்தப் பள்ளியே உலகம். நீங்கள் சொன்ன மறைந்துகொள்ளும் வசதி அவன் கண்ணாடியோடு முடிந்துவிடுகிறது. அது ஒருமுறை நழுவினால் எதிரே இருப்பவர் உயிரோடு இருக்க மாட்டார். புதிய அணி வாசகர்களின் மனத்தில் நிலைகொண்டதற்கு, தன் நண்பர்கள் அனைவரும் போன பின்னும் அங்கேயே நின்ற இந்த ஒருவனின் தனிமையும் ஒரு காரணம்.

1980இல் 138ஆம் இதழையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். ஜீனின் இறுதிச் சடங்கில் நிற்கும் ஸ்காட், பள்ளியில் கழித்த முதல் நாள்கள் தொடங்கி அணியின் வரலாறு முழுவதையும் எண்ணிப் பார்க்கிறான். வரலாறு தெரியாத புதிய வாசகருக்கு அது ஒரு சுருக்கம். முதல் ஐவரை அறிந்தவருக்கோ, நண்பன் ஒருவன் தன் இளமைக்காலத்தை ஒவ்வொரு பக்கமாக எடுத்து அடக்கம் செய்வதை அருகில் நின்று பார்ப்பதைப் போன்றது.

வெண்சிறகு எழுதியது:

என் பெயரிலிருந்தே நான் யாருடைய ரசிகர் என்பது விளங்கியிருக்கும். வாரனைப் பெருஞ்செல்வரின் மகன் என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறார்கள். அந்த இளைஞன் தன் சிறகுகளை வார்களால் உடலோடு இறுக்கிக் கட்டி, மேலாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டுதான் மனிதர்களிடையே நடமாட வேண்டியிருந்தது. பறக்கும்போது மட்டுமே அவன் முழுமையாக அவனாக இருந்தான். அதனால்தான் எக்ஸ்-ஃபேக்டர் தொடரில் அவனுக்கு நேர்ந்தது இன்றும் படிக்கும்போது நெஞ்சை அறுக்கிறது.

1986 பிப்ரவரி தேதியிட்ட முதல் இதழோடு தொடங்கிய அந்தத் தொடர், முதல் ஐவரை மீண்டும் ஒரே அணியாக்கியது. லூயிஸ் சைமன்சன் ஆறாம் இதழிலிருந்து எழுத, பத்தாம் இதழிலிருந்து வால்டர் சைமன்சன் வரையத் தொடங்கினார். வாரனின் சிறகுகள் படுகொலை ஒன்றில் சிதைக்கப்பட்டு, பின்னர் வெட்டி அகற்றப்படுகின்றன. அனைத்தையும் இழந்த அவனை அப்போகலிப்ஸ் என்ற வில்லன் கைப்பற்றி, நீலத் தோலும் உலோகச் சிறகுகளும் தந்து, தன் குதிரைவீரர்களுள் ஒருவனாக, மரணம் என்ற பெயரோடு, பழைய நண்பர்கள் மீதே ஏவுகிறான்.

அவனை மீட்டவன் யார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அணியின் மிக இளையவனும் எப்போதும் விளையாட்டுப் பிள்ளையாகவே கருதப்பட்டவனுமான பாபிதான். தன்னைப் போன்ற ஒரு பனி உருவத்தைச் செய்து நிறுத்தி, வாரனின் சிறகு அதை வெட்டிச் சிதறடிக்கும்படி செய்கிறான். தன் கையால் நண்பனைக் கொன்றுவிட்டோம் என்ற அதிர்ச்சியே வாரனைத் தன்னிலைக்குக் கொண்டுவருகிறது. ஒருவன் எத்தனை தூரம் மாற்றப்பட்டிருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் அவனால் தாங்க முடியாது என்று பாபி உறுதியாக நம்பினான். ஒன்றாகப் படித்து வளர்ந்தவனுக்கு மட்டுமே அந்த நம்பிக்கை இருக்க முடியும். வேறு எந்த அணியை வைத்தும் அந்தக் காட்சியை எழுதியிருக்க இயலாது.

புயலின்_பக்கம் எழுதியது:

வெண்சிறகு அவர்கள் சொன்ன காட்சியின் வலிமையை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தொடரைத் தொடங்குவதற்குக் கொடுத்த விலையையும் பேசுவோம். ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி வந்ததும், ஸ்காட் தன் மனைவி மேடலின் பிரையரையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். கடமையுணர்வே உருவானவன் என்று நீங்கள் எல்லோரும் போற்றும் அந்த மனிதன் செய்த செயல் இது. அத்துடன், மியூட்டன்ட்களைக் காப்பாற்றுவதற்காக மியூட்டன்ட் வேட்டைக்காரர்களைப் போல் வேடமிடுவது என்ற தொடக்கத் திட்டம், மக்களின் வெறுப்பை வளர்க்கவே உதவியது. பழைய ஐவரை எப்படியாவது ஒன்றுசேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை, பாத்திரங்களின் நேர்மையை விழுங்கிவிட்டது. ரசிகர்களின் அன்பு ஒரு கதைக்குத் தீங்கு செய்யவும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதழ்66 எழுதியது:

மேடலின் விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அந்தக் கறை ஸ்காட்டின் மீது இன்றுவரை இருக்கிறது. வேட்டைக்காரர் வேடத்தின் தீமையைப் பின்னர் அந்தத் தொடரே ஒப்புக்கொண்டு கைவிட்டது.

ஓர் தகவலை மட்டும் சேர்க்கிறேன். எக்ஸ்-ஃபேக்டர் திட்டமிடப்பட்டபோது ஐந்தாம் இடத்துக்கு டாஸ்லர் என்ற பாத்திரமே கருதப்பட்டிருந்தது. ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உண்மையான ஜீன் உறங்கிக்கொண்டிருக்கிறாள், ஃபீனிக்ஸ் என்பது அவள் உருவைக் கொண்ட வேறொரு சக்தி என்ற வழியை முதலில் யோசித்தவர் கர்ட் பியூசிக். அப்போது அவர் எழுத்தாளர் அல்லர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு ரசிகர். பின்னாளில் அந்த யோசனை ரோஜர் ஸ்டெர்ன், ஜான் பைர்ன் வழியாகச் சென்று, 1986 ஜனவரி தேதியிட்ட அவெஞ்சர்ஸ் 263, ஃபென்டாஸ்டிக் ஃபோர் 286 ஆகிய இதழ்களில் கதையானது. அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பதில் நாம் வேறுபடலாம். ஆனால் நால்வர் போதாது, ஐவரும் வேண்டும் என்று ஒரு வாசகர் ஏங்கிய ஏக்கம், ஒரு பாத்திரத்தின் மரணத்தையே மாற்றி எழுதும் அளவுக்குப் போயிருக்கிறது.

பனித்தடம் எழுதியது:

இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். 2012இல் வந்த ஆல்-நியூ எக்ஸ்-மென் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி ஸ்டூவர்ட் இம்மோனன் வரைந்த அந்தத் தொடரில், சேவியரைக் கொன்றுவிட்டு வேறு பாதையில் போய்விட்ட ஸ்காட்டை உலுக்குவதற்காக, ஹேங்க் காலத்தைக் கடந்து சென்று இளமைக்கால ஐவரையே நிகழ்காலத்துக்கு அழைத்துவருகிறான். செம்பளிங்கு அவர்கள் இந்த இழையின் தொடக்கத்தில் சொன்ன மாணவப் பருவத்தின் மதிப்பை, அந்தக் கதை அப்படியே தன் மையமாக்கியது. பதின்பருவத்து ஜீன் தன் மரணத்தைப் பற்றி அறிந்துகொள்கிறாள். வாரன் உலோகச் சிறகோடு நிற்கும் தன்னையே காண்கிறான். ஸ்காட் தன் ஆசிரியரைக் கொன்றவனின் முகத்தில் தன் முகத்தைப் பார்க்கிறான். எதையும் இன்னும் செய்திராத ஐவர், தாங்கள் செய்யப்போவதற்காகப் பிறர் தங்களை அஞ்சுவதையும் வெறுப்பதையும் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2015இல் 40ஆம் இதழில், பாபி தன்பால் ஈர்ப்புடையவன் என்பது ஜீனுக்கும் அவனுக்கும் இடையே நடக்கும் ஓர் உரையாடலில் வெளிப்படுகிறது. அதே ஆண்டில் அன்கேனி எக்ஸ்-மென் தொடரின் 600ஆம் இதழில், வளர்ந்த பாபியும் தான் அதை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்ததை ஒப்புக்கொள்கிறான். அவன் கேட்காமலே ஜீன் அவன் மனத்தைப் படித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்த இதழைப் படித்த பின் பழைய கதைகளுக்குத் திரும்பிச் சென்றால், எல்லாவற்றையும் கேலிப்பேச்சால் தள்ளிவிடும் அந்தச் சிறுவன் வேறொருவனாகத் தெரிகிறான். புயலின்_பக்கம் அவர்கள் சொன்னபடி, ஐவரில் யாரும் எளிதாகக் கூட்டத்தில் கலந்துவிடலாம்தான். அப்படிக் கலந்துவிட முடிந்த ஒருவன் எதை இழந்தான் என்பதே பாபியின் கதை. முதல் அணியில் ஒதுக்கப்பட்டவர்களின் கதை இல்லை என்ற கூற்றுக்கு இதுவே என் மறுமொழி.

புயலின்_பக்கம் எழுதியது:

பனித்தடம் அவர்களே, இந்தக் கோணத்தில் நான் பாபியைப் பார்த்ததில்லை. என்னுடைய முதன்மை அணி இன்னும் 1975 அணிதான். ஆனால் இந்த வாதத்துக்கு எடை இருக்கிறது.

புதுத்தாள் எழுதியது:

நான் திரைப்படங்கள் வழியாக மட்டுமே எக்ஸ்-மென்னை அறிந்தவர். இந்த இழையைப் படித்தபின் முதல் ஐவரின் கதைகளைப் படிக்க விரும்புகிறேன். முதல் இதழிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டுமா, அல்லது வேறு ஏதேனும் இடத்திலிருந்து தொடங்கலாமா என்று பெரியோர் சொல்ல வேண்டுகிறேன்.

செம்பளிங்கு எழுதியது:

வருக, புதுத்தாள் அவர்களே. முதல் இதழ், நான்காம் இதழ், எட்டாம் இதழ், சென்டினல்கள் முதன்முதலில் வரும் 14 முதல் 16 வரையிலான இதழ்கள் ஆகியவற்றை முதலில் படியுங்கள். நான்காம் இதழில் மேக்னீட்டோவின் கூட்டாளிகளாகக் குவிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்சும் அறிமுகமாகிறார்கள். மியூட்டன்ட்களுக்குள்ளேயே இரண்டு பாதைகள் உண்டு என்பது அங்கே நிலைபெறுகிறது. லீ 19ஆம் இதழோடு விலகிய பிறகு ராய் தாமஸ் எழுதிய நடுக்காலக் கதைகளுள் பல, இன்றைய வாசகரின் பொறுமையைச் சோதிக்கும்; அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். ஐவரும் ஒரே சீருடையைக் களைந்து தனித்தனி உடைக்கு மாறும் 39ஆம் இதழைப் பார்த்துவிட்டு, நேராக 56க்குச் சென்று 66 வரை படியுங்கள். அதன் பிறகு எக்ஸ்-ஃபேக்டரின் ஆறாம் இதழ் முதல் 26 வரை படித்தால், வெண்சிறகு அவர்கள் சொன்ன வாரனின் கதை முழுமையாகக் கிடைக்கும்.

பழைய நடையின் காரணமாக முதல் இதழ்கள் மெதுவாக நகர்வதாகத் தோன்றினால், 2006இல் ஜெஃப் பார்க்கர் எழுதத் தொடங்கிய ஃபர்ஸ்ட் கிளாஸ் தொடரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதே ஐவரின் பள்ளி நாள்களை இக்கால நடையில், தனித்தனிக் கதைகளாக, மிகுந்த பரிவோடு சொல்லும் தொடர் அது. அதே பெயரில் வந்த திரைப்படத்துக்கும் அதற்கும் கதையளவில் தொடர்பு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தப் படத்தின் அணியில் ஐவருள் ஹேங்க் ஒருவன் மட்டுமே இருக்கிறான். எட்டாம் இதழைப் படித்து முடித்ததும் ஹேங்கைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.